ஆயிரம் வரட்டியும் ஒரு புரோட்டானும்

கேமில் ரசவாதம் ரொம்ப சுலபம். ரெண்டு மூலிகை, ஒரு கல், ஒரு பட்டன், அவ்வளவுதான். எங்கள் பேரையூரில் அந்த வித்தைக்கு முகமே வேறு. மேற்கே சதுரகிரி மலை. அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். மலைமேல் சித்தர்கள் இன்னும் இருக்கிறார்கள், செம்பைப் பொன்னாக்குவார்கள் என்ற பேச்சைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆகவே, ரசவாதத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

முதலில் கதை. திருவிளையாடல் புராணத்தில் 36ஆவது படலமே ‘இரசவாதம் செய்த படலம்’தான். வைகைக்கரைத் திருப்பூவணத்தில் பொன்னனையாள் என்ற ஆடல்மகள் சிவனுக்குப் பொன்னில் திருமேனி செய்ய ஆசைப்படுகிறாள். வருமானமெல்லாம் அடியார்களுக்குச் சோறு போடுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. சித்தர் வேடத்தில் வந்த சிவன் கேட்பது வீட்டிலிருக்கும் உலோகப் பாத்திரங்களை. திருநீறு தூவி, ‘ராத்திரி தீயில் போடு’ என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறார். காலையில் எல்லாம் பொன்.

அடுத்தது சரக்கு. பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கருப்புத் தூள் வரும். அதைப் பதங்கமாக்கினால் ரத்தச் சிவப்பில் லிங்கம். லிங்கத்தைச் சூடேற்றி ஆவியைக் குளிரவைத்தால் மறுபடி அதே வெள்ளி நிறப் பாதரசம்! இதைக் கண்ணால் பார்த்த ஒருவர், செம்பு மட்டும் ஏன் பொன்னாகாது என்று கேட்டது மூடத்தனமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நியூட்டனும் இதே கேள்வியோடு வருஷக்கணக்கில் உலை மூட்டியவர்தான்.

மூன்றாவது தீ. தெர்மாமீட்டர் கிடையாது. சித்த மருத்துவத்தில் வரட்டியை எண்ணித்தான் சூட்டை அளந்தார்கள். காடைப் புடத்துக்கு 1 வரட்டி, கவுதாரிப் புடத்துக்கு 3, கஜபுடத்துக்கு 1000. சரக்கை அகலில் வைத்து மூடி, மண் பூசிய துணியால் வாயைச் சுற்றிக் கட்டுவார்கள். அதற்குச் சீலைமண் என்று பேர். கேம் எழுதுகிறவர்கள் கற்பனை செய்யும் லெவல்களை இவர்கள் பறவை, விலங்குகளின் பெயரில் வைத்திருந்தார்கள். குறிப்புகளையோ பரிபாஷையில் எழுதிப் பூட்டிவிட்டார்கள். குரு இல்லாமல் திறக்காது.

சரி, செம்பு பொன்னாச்சா? ஆகவில்லை. ஆனால் ஆனமாதிரி காட்ட முடியும். பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்துச் செம்பில் பூசிச் சூடாக்கினால் ரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். கோயில் கலசங்களுக்கு முலாம் பூசிய தொழிலும் இதுதான், ஏமாற்றுக்காரர்களின் வித்தையும் இதுதான். அந்த ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள்.

பாதரச அணுவில் 80 புரோட்டான், தங்கத்தில் 79. வித்தியாசம் ஒன்றே ஒன்று. எத்தனை வரட்டி அடுக்கினாலும் அடுப்புத் தீ அணுக்கருவைத் தொடாது. 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பாதரசத்தை நியூட்ரான்களால் தாக்கித் தங்கம் உண்டாக்கினார்கள். கிடைத்தது கதிரியக்கத் தங்கம், சில நாட்களுக்குள் சிதைந்துபோகிற வகை.

பொன் கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடிப் போன வழியில் புடமும் பதங்கமும் பற்பமும் செந்தூரமும் மிஞ்சின. மலையில் சித்தர் இருக்கிறாரா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் இந்த வரட்டிக் கணக்கைத்தான் சொல்கிறேன். யாரோ ஒருவர் பலமுறை சுட்டுப் பார்த்துத்தானே அந்த ஆயிரத்தை எண்ணியிருக்க வேண்டும்?