கைப்பேசிக்குத் தமிழ் வந்த கதை



என் தாயார் தோட்டப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பார். ஒருநாள் கம்போங் மேடானிலிருந்து என் மகன் அவருக்குக் கைப்பேசியில், “பாட்டி, சாப்பிட்டீங்களா?” என்று செய்தி அனுப்பினான். சொல் தமிழ், எழுத்தோ ஆங்கிலம்! “ஏய்யா, எனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே, இதை யாருக்கு எழுதினே?” என்று தாயார் கேட்டார். அவன் வாயடைத்துப் போனான்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது? சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

ஆங்கிலத்துக்கு எழுத்து 26; தமிழுக்கு 247. இத்தனையையும் ஒரு பலகையில் அடக்குவது எப்படி? யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா இதற்காக உழைத்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி கண்டார். கொம்பு, கால் போன்றவற்றுக்குத் தனித்தனி விசை வைத்ததால் இடம் மிச்சமாயிற்று.

கணினி வந்தபோது நம் மலேசியா முன்னே நின்றது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். ஒலிக்கேற்ப ஆங்கில விசைகளைத் தட்டினால் தமிழ் எழுத்து வரும் ‘அஞ்சல்’ முறையும் அவர் தந்ததே. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ் 99’ பொது முறையாயிற்று. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 எழுத்துகளே போதும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நாலு தட்டு. புள்ளியைப் பலகையே வைத்துக்கொள்ளும்!

கைப்பேசியில்தான் சிக்கல் பெரிது. அன்றைய கைப்பேசியில் எண் விசைகள்தாம் இருந்தன. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து போகும். தமிழ் யூனிகோட் என்றால் 70 தான். ஆகவே நம்மவர்கள் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டிப் பழகிவிட்டார்கள். அந்த நிலையில் 2005 பொங்கலன்று, முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. கைப்பேசியிலும் தமிழில் எழுத முடியும் என்று அது காட்டிற்று.

பிறகு தொடுதிரை வந்தது. அதிலுள்ள விசைகள் உலோகமல்ல, வெறும் படம். படத்தை மாற்றினால் பலகையே மாறிவிடும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் யார் செய்த பலகையையும் சேர்த்துக்கொள்ள இடமிருந்தது. 2013-இல் ஐபோனிலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டும் சேர்ந்தே வந்தன. அடுத்த ஆண்டு பிறர் செய்த பலகைகளுக்கும் ஐபோன் கதவு திறந்தது.

ஆக, வசதி இல்லாத காலத்தில் வந்த பழக்கத்தை, வசதி வந்த பிறகும் நாம் விடவில்லை. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி எழுத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டு, வீட்டில் அந்த எழுத்துக்கு வேலை கொடுக்காமல் இருக்கலாமா?

பெற்றோர்களே! இன்று பரிசு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் கீபோர்டைத் திறந்து தமிழைச் சேர்த்துவிடுங்கள். காசு செலவில்லை. மாணவர்களே! தோட்டத்திலிருக்கும் தாத்தா பாட்டிக்கு இன்றைக்கே ஒரு வரி தமிழில் அனுப்புங்கள்.

என் மகன் இப்போது அப்படித்தான் எழுதுகிறான். தாயார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யார் துணையுமின்றித் தாமே வாசிக்கிறார்.

வாழ்க தமிழ்!