வரைவதும் குத்துவதும்

வேலை செய்கிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு துரும்பையும் எடுத்துப் போடாமல், "அதை அங்கே வை, இதை இப்படித் திருப்பு" என்று நாட்டாமை பண்ணுகிறவர் எந்த ஊரில் இல்லை? சீனத்தில் அவருக்கென்றே நாலெழுத்துத் தொடர் உண்டு. மாண்டரினில் 'ஜி ஷோ ஹுவா ஜியாவ்': கையால் சுட்டி, காலால் வரைதல். ஹாங்காங், குவாங்சோ பக்கத்துக் கான்டனீஸில் 'ஜி ஸௌ டுக் கோக்'. மூன்றாம் எழுத்து மட்டும் வேறு. 'வரை' போய் அங்கே 'குத்து' வந்து உட்கார்ந்திருக்கிறது.

மாண்டரின் தொடர் ஏட்டில் ஊறியது. பழஞ்சீன நாவலான 'நீர்க்கரை'யின் 75ஆம் அத்தியாயத்தில், கலகக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்க அரசவைத் தூதர் அவர்களுடைய மலைக்கு வருகிறார். கூட வந்த எடுபிடிகள் இருவர் தலைவன் சோங் ஜியாங் முன்னாலேயே கையை ஆட்டி அதட்ட, சுற்றி நிற்பவர்களுக்கு அவர்களை வெட்டிப்போடக் கை துறுதுறுக்கிறது. 2009இல் மெக்சிகோ சென்ற சீனத் தலைவர் ஷி ஜின்பிங், வயிறு நிறைந்து வேலையற்ற சில வெளிநாட்டார் எங்கள் விஷயத்தில் தலையிடுகிறார்கள் என்று சாடியதும் இந்தத் தொடரால்தான்.

கான்டனீஸின் 'டுக்' தெருவில் புழங்கும் சொல். ஹாங்காங் நடைபாதைக் கடையில் கறிக்குழம்பில் கிடக்கும் மீன் உருண்டையை மூங்கில் குச்சியால் குத்தியெடுப்பது 'டுக்'. ஒருவனைப் பற்றி மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பது 'முதுகில் டுக்'. வரைகிற விரல் காற்றோடு போகும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். குத்துகிற விரல் மேலே படும். அதிகாரம் பண்ணப்படுகிறவனின் எரிச்சல் கான்டனீஸில்தான் இருக்கிறது என்பேன்.

இந்த 'டுக்'கை எப்படி எழுதுவது என்பதிலும் ஒருமிப்பில்லை. சிலர் அதே ஒலியுள்ள, 'மேற்பார்வை' என்று பொருள்படும் எழுத்தைப் போடுகிறார்கள். 1997 வரை ஹாங்காங்கை ஆண்ட பிரிட்டிஷ் ஆளுநரைக் குறிக்கும் சொல்லான 'கோங் டுக்'கிலும் அதே எழுத்துதான். தற்செயல். ஆனாலும் விட மனம் வரவில்லை.

ஹாங்காங் செய்தித்தாள்கள் பெரும்பாலும் 'வரை' என்றே அச்சிடுகின்றன. பள்ளிப் பிள்ளை நாள் முழுக்க 'டுக்' என்று பேசலாம். கட்டுரை நோட்டில் எழுதினால் பேச்சுவழக்கென்று ஆசிரியர் அடித்துவிடுவார்.