தரை டிக்கெட்டிலிருந்து 204 ரூபாய் வரை

போன டிசம்பரில் அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையன் வாட்ஸ்அப்பில் ஒரே புலம்பல். கொலராடோவில் ஒரு பனிமலைக்குக் குடும்பத்தோடு சறுக்கி விளையாடப் போயிருக்கிறான். சறுக்குவதற்கு முன்னால் மேலே ஏற வேண்டுமே, அதற்குக் கம்பியில் தொங்கும் நாற்காலி உண்டு. நம் பழனி ரோப் கார் மாதிரி, ஆனால் ஒருநாள் டிக்கெட் வாங்கினால் நாள் முழுக்க ஏறி ஏறிச் சறுக்கலாம். நாலு பேருக்கு அந்த டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசில் மெட்ராஸ் வந்துட்டுப் போயிருக்கலாம்டா" என்றான்.

சும்மா இருப்பேனா? தேட ஆரம்பித்தேன். கொலராடோவில் வேல் என்று ஒரு மலை (முருகன் வேல் இல்லை, ஊர்ப் பெயரே அதுதான்). 1962 டிசம்பரில் திறந்தபோது லிஃப்ட் டிக்கெட் 5 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் இன்றைக்குச் சுமார் 50 டாலர் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கூட்ட நாட்களில் கவுண்டர் விலை 300 டாலரைத் தாண்டிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனி 2008இல் சீசன் முழுவதற்கும் ஒரே பாஸ் கொண்டுவந்தபோது அதன் விலை 579 டாலர்தான். பனி விழுவதற்கு முன்பே பணம் கட்டி, சீசனில் இருபது நாள் போகிறவனுக்கு ஒரு நாளுக்கு 30 டாலர்கூட ஆகாது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன்தான் முழு விலை கொடுக்கிறான்.

சரி, பனிக்கும் மந்தைவெளிக்கும் என்ன சம்பந்தம்? இங்கே குடும்பத்தோடு வெளியே போவதென்றால் பீச், கோயில், இல்லாவிட்டால் சினிமா. முதல் இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது. ஆகவே நம்மூர் லிஃப்ட் டிக்கெட் சினிமா டிக்கெட்தான். அதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினேன்.

ஆரம்பத்திலிருந்தே இங்கே சினிமா ஏழைக்கும் இடம் வைத்த வியாபாரம். 1905 வாக்கில் சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் ரகுபதி வெங்கையா சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். டூரிங் டாக்கீஸ் காலத்தில் தரை, பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்காரர் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்ப்பார். படம் எல்லாருக்கும் ஒரே படம்தான்.

அரசாங்கம் இந்தக் காசின் மேல் கண் வைத்தது 1939இல். ராஜாஜி அமைச்சரவை காலத்தில் வந்த கேளிக்கை வரிச் சட்டம் அது. பிறகு 1955இல் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். நாளடைவில் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. மல்டிபிளெக்ஸ் வந்த பிறகும்கூட முன்வரிசையில் 10 ரூபாய் டிக்கெட் இருந்ததைக் கல்லூரிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தரை டிக்கெட்டின் கடைசி வாரிசு அது.

2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்', வெறும் 'உனக்கும் எனக்கும்' ஆனது அப்போதுதான். பெயர் மாறியது, வரி போனது. கவுண்டரில் விலை குறைந்ததாக மட்டும் எனக்கு நினைவில்லை.

நிஜமான திருப்பம் 2017. அதுவரை சென்னை மல்டிபிளெக்ஸில் 120 ரூபாய் உச்சம். ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீதம். 120 என்பது 153 ரூபாய் 60 காசு ஆயிற்று. இதற்கு மேல் உள்ளாட்சி வரியும் உண்டு என்றதும் தியேட்டர்களை மூடிப் போராடினார்கள். அக்டோபரில் ஒரு சமரசம்: தமிழ்ப் படத்துக்கு உள்ளாட்சி வரி 8 சதவீதம், உச்சவரம்பு 150. கூட்டிப் பாருங்கள். 150, அதன் மேல் 36 சதவீதம் வரி, மொத்தம் 204. நாலே மாதத்தில் 120 ரூபாய் 204 ஆனது. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு 600 ரூபாய் 1,020 ஆனது.

2019 ஜனவரியில் ஜிஎஸ்டி 18 ஆகக் குறைந்து, டிக்கெட் 189க்கு வந்தது. 2025 செப்டம்பரில் மறுபடி ஒரு குறைப்பு: 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம். அதற்கு மேல் பழைய 18தான்.

ஆனாலும் உச்சவரம்பு நல்லதுதான் என்பேன். பெங்களூரில் பெரிய படத்தின் முதல் வாரத்தில் பல நூறு ரூபாய் சர்வசாதாரணம். கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் 200 ரூபாய் வரம்பு கொண்டுவந்தது; அந்த மாதமே உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்துவிட்டது.

பிரச்சினை, உச்சவரம்பு டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது. ஆன்லைன் புக்கிங் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் அதற்கு வெளியே. 2019 கோடையில் ஒரு மாலில் ஐந்து பேருக்கு டிக்கெட் 945 ரூபாய். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் தின்பண்டச் செலவு டிக்கெட் செலவைவிட அதிகம். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, குடிநீர் மட்டும் இலவசமாகத் தரவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கைக்குழந்தைக்கு மட்டும் சாப்பாடு கொண்டுபோகலாம்.

இங்கேதான் வேல் மலையும் நம்மூரும் ஒன்று சேர்கின்றன. தனியாகப் போகிறவன் இடைவேளையில் சீட்டைவிட்டு எழாமல் தப்பித்துக்கொள்வான். எட்டு வயதுப் பிள்ளையோடு போகிறவன் தப்பிக்க முடியாது. அங்கே பாஸ், இங்கே உச்சவரம்பு. இரண்டுமே விலையைக் குறைத்த மாதிரிதான் தெரிகிறது. குறைத்த பணம் எங்கேயோ ஓரிடத்தில் வசூலாகிறது. வசூலாகும் இடம் எப்போதாவது ஒருமுறை, ஆசைப்பட்டுக் கிளம்பும் குடும்பம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுக்கு மந்தைவெளி கபாலி தியேட்டர்தான். நடந்தே போவோம். அம்மா எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு எடுத்து வருவாள்; பக்கத்துச் சீட் குழந்தைக்கும் ஒன்று போகும். இப்போது கபாலி இல்லை, லஸ்ஸில் காமதேனுவும் இல்லை.

அந்த 2019 கணக்கை நான் சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. அடுத்த முறை கிளம்பும்போது அம்மா, "நீங்க போயிட்டு வாங்கோ, எனக்கு முட்டி வலி. டிவியில போடுவான், அப்ப பாத்துக்கறேன்" என்றாள். முட்டி வலி நிஜம்தான். ஆனால் அன்று சாயங்காலமே கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போய் வந்திருக்கிறாள்.

குடும்ப டிக்கெட்டின் விலை ஏறும்போது குடும்பம் போவதை நிறுத்துவதில்லை. ஆளைக் குறைக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் குறைந்தது அம்மா.