இந்த உணவு எங்கிருந்து வந்தது? புனித எலிசபெத் கேட்ட கேள்வி



நவம்பர் 17ஆம் நாள் தாய்த் திருச்சபை ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்தை நினைவுகூர்கிறது. மடி நிறைய ரோசா மலர்களுடன் இவரைப் படங்களில் பார்த்திருக்கிறோம். ஏழைகளுக்காக எடுத்துச் சென்ற அப்பம் மலர்களாக மாறியது என்பது பிற்காலத்து மரபுக் கதை. போர்த்துக்கல் நாட்டுப் புனித எலிசபெத்தைப் பற்றியும் இதே கதை சொல்லப்படுகிறது. ஆனால் நம் புனிதையோடு வாழ்ந்த நான்கு பணிப்பெண்கள், புனிதர் பட்டத்திற்கான விசாரணையில் அளித்த சாட்சியங்கள் இன்றும் உள்ளன. அவற்றில் மலர்களைவிடப் பெரிய புதுமை ஒன்றைக் காண்கிறோம்.

எலிசபெத் 1207ஆம் ஆண்டு ஹங்கேரி அரசர் இரண்டாம் ஆண்ட்ரூவின் மகளாகப் பிறந்தார். நான்கு வயதிலேயே திருமண ஒப்பந்தம் செய்யப்பட்டு, இன்றைய ஜெர்மனியிலுள்ள துரிஞ்சியாவின் ஆளுநர் குடும்பத்தில் வளர்க்கப்பட்டார். 1221இல் ஆளுநர் நான்காம் லுட்விக்கை மணந்தார். வார்ட்புர்க் கோட்டையில் அவர்களது இல்லறம் அன்பு நிறைந்ததாக இருந்தது.

ஆளுநரின் அதிகாரிகள் ஏழை உழவர்களிடமிருந்து அநியாயமாகப் பறித்த பொருள்களும் அரண்மனைப் பந்திக்கு வந்தன. தம் ஆன்ம குரு கொன்ராடின் அறிவுரைப்படி, அப்படி வந்த எதையும் உண்பதில்லை என எலிசபெத் உறுதி பூண்டார். ஒவ்வொரு வேளையும், இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். கணவரின் சொந்த நிலத்தில் விளைந்தது என்று தெரிந்தால் பணிப்பெண்களோடு மகிழ்ந்து உண்டார். இல்லையென்றால், விருந்தினர் நடுவே உண்பதுபோல் பாவனை செய்துவிட்டுப் பசியோடு எழுந்தார். இழந்தவர்களுக்கு ஈடு கிடைக்கவும் முயன்றார். லுட்விக் அவரைத் தடுக்கவில்லை. வீட்டாரின் பேச்சுக்கு அஞ்சாவிட்டால் தாமும் அப்படியே செய்வேன் என்றார்.

1226இல் கொடிய பஞ்சம் வந்தது. கணவர் இத்தாலியில் இருந்தபோது, எலிசபெத் களஞ்சியத்தைத் திறந்து தானியத்தைப் பகிர்ந்தார். கோட்டையின் அடிவாரத்தில் மருத்துவ இல்லம் அமைத்து, நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். அறுவடைக் காலம் வந்ததும், உழைக்கக்கூடியவர்களுக்குச் சட்டையும் காலணியும் அரிவாளும் கொடுத்து அனுப்பினார். ஏழை என்றும் கையேந்தி நிற்கக்கூடாது என்பதே அவர் விருப்பம்.

1227 செப்டம்பரில், சிலுவைப் போருக்குப் புறப்பட்ட லுட்விக் வழியில் ஒத்ராந்தோ நகரில் காய்ச்சலால் இறந்தார். இருபது வயதில் எலிசபெத் கைம்பெண்ணானார். மூன்றாம் குழந்தை அதன்பின்தான் பிறந்தது. கோட்டையை விட்டு வெளியேறிய அவர், 1228இல் மார்புர்க் நகரில் தமக்குக் கிடைத்த சொத்தைக் கொண்டு புனித பிரான்சிஸ் பெயரால் மருத்துவமனை நிறுவினார். பிறர் உழைப்பில் வாழ மறுத்தவர், கம்பளி நூல் நூற்றுத் தம் உணவைத் தேடிக்கொண்டார். 1231 நவம்பர் 17 அன்று, 24 வயதில் இறைவனடி சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1235இல், திருத்தந்தை 9ஆம் கிரகோரி அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவரது கல்லறைமீது எழுந்த ஆலயம் இன்றும் மார்புர்க்கில் நிற்கிறது. உலகெங்கும் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையினர் அவரைப் பாதுகாவலியாகக் கொண்டாடுகின்றனர்.

அன்பானவர்களே, திருவிழாவுக்கு நன்கொடை தருகிறோம்; அன்னதானம் செய்கிறோம். நல்லதே. ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சகோதரிக்கு உரிய சம்பளம் தருகிறோமா? நம் கடையின், வயலின் வருமானத்தில் அடுத்தவரின் கூலி கலந்திருக்கிறதா? நம் பங்கின் உண்டியலுக்கு வரும் பணத்தைக் குறித்து, குருக்களாகிய நாங்களும் இதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். நீதியாகக் கொடுக்க வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பிடியைத் தர்மமாகக் கொடுப்பது பிறரன்பு ஆகாது.

இன்று இரவு உணவுக்குமுன் செபிக்கும்போது, இந்த உணவு நம் தட்டுக்கு வரக் காரணமான கைகளையும் நினைப்போம். எவருக்காவது கடன்பட்டிருந்தால், நாளையே தீர்த்துவிடும் மனத்துணிவைப் புனித எலிசபெத்தின் பரிந்துரையால் இறைவன் நமக்கு அருள்வாராக. ஆமென்.