கண்டிச் சீமையில் செய்தி வலை

கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் முறையைத் தரவுத் தொடர்பாடல் என்றும், அவ்வாறு இணைந்த கணினிகளின் தொகுதியைக் கணினி வலையமைப்பு என்றும் அறிஞர் வழங்குவர். சொற்கள் புதியனவாயினும் அவை குறிக்கும் தேவை மிகப் பழையது. மலையும் ஆறும் அடவியும் அரணாக அமைய, 1815ஆம் ஆண்டு வரை அந்நியர் ஆட்சிக்கு அடங்காதிருந்த நாடு கண்டி. அந்நாட்டை வெளியுலகோடு இணைத்த செய்தி வழிகளின் வரலாற்றை நோக்குவோமாயின், வலையமைப்பு என்பது யாது, அது எவருக்குப் பயன்படுகின்றது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காணலாம்.

செய்தி செல்ல முதலில் வேண்டியது வழி. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை மலையை ஊடறுத்துக் கண்டிக்குப் பெருந்தெரு அமைத்த ஆங்கிலேயர், 1832ஆம் ஆண்டில் அத்தெருவில் குதிரை பூட்டிய தபால் வண்டியை ஓடவிட்டனர். பின்னர் மலைச்சாரல்களிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்தனர். விளைந்த கோப்பியைத் துறைமுகம் சேர்க்கும் பொருட்டு 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது. எனினும், இவ்வழிகளில் எல்லாம் செய்தியானது அதனைச் சுமந்து சென்ற மனிதனின், குதிரையின், அல்லது வண்டியின் வேகத்திலேயே சென்றது.

அக்காலத்தில் ஐரோப்பியத் தபாலைக் கொணர்ந்த நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தையே அடைந்தன. அங்கிருந்து செய்திகளை விரைவாகக் கொழும்புக்குக் கொணர்வதற்காக, ‘ஒப்சேவர்’ பத்திரிகை 1850ஆம் ஆண்டு முதல் புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்கள் ஓய்வு பெற்றன. தந்தியின் வருகையோடு செய்தி முதன்முறையாக உடலைத் துறந்தது எனலாம். கடிதம் செல்லவில்லை, கடிதத்தின் எழுத்துக்களைக் குறிக்கும் நீண்ட ஒலியும் குறுகிய ஒலியுமே சென்றன. இரு முனையிலும் இருப்பவர் ஒரே குறியீட்டு விதியை அறிந்திருந்தாலன்றி அவ்வொலிகளுக்குப் பொருளில்லை. ஆகவே, வழிக்கு அடுத்தபடியாக வேண்டியது விதி.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதனை நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை. தோட்டத்து லயனுக்கு ஒரு தந்தி வந்தால், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அதனை அங்கே வாசிப்பவர் யார்? கணக்கப்பிள்ளையோ, தபாற்காரரோ, பள்ளிக்கூட வாத்தியாரோ அதனைப் படித்துத் தமிழிற் சொல்லும் வரையில் அச்செய்தி உரியவரைச் சென்றடைந்தது என்று கூற இயலாது. கம்பி வழியே நொடியில் வந்த செய்தி, வாசிப்பார் இன்மையால் வாசலிலே காத்து நிற்கும். வழி, விதி, வாசித்துச் சொல்லும் மனிதர் ஆகிய மூன்றும் கூடியதே வலையமைப்பு.

இனிக் கணினி வலையின் இயல்பைப் பார்ப்போம். பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசும்போது அவர்களுக்கிடையே ஒரு தொடுப்பு முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர்கள் மௌனமாயிருப்பினும் பிறர் அதனைப் பயன்படுத்த இயலாது. 1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிசும், ஒருவரையொருவர் சாராது, வேறொரு முறையைக் கண்டனர். ஒரு பெரிய நூலைக் கண்டியிலிருந்து கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதனைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையிலிட்டு, உறையின் மேல் விலாசமும் வரிசை எண்ணும் எழுதி அனுப்புகிறோம். சில உறைகள் கடுகண்ணாவை வழியாகச் செல்லும். சில குருநாகல் வழியாகச் செல்லும். வேறு சில நாவலப்பிட்டி, கினிகத்தேனை, அவிசாவளை என்று சுற்றிச் செல்லும். பெறுபவர் எண்களைப் பார்த்து அடுக்கிக்கொள்வார். ஓர் எண் குறைந்தால் அதனை மட்டும் மீண்டும் அனுப்பப்பெறுவார். ஒரு வழி அடைபட்டாலும் நூல் வந்து சேரும். ஒரே தெருவிற் பலருடைய உறைகளும் கலந்து செல்லலாம். இவ்வுறைகளே பொதிகள் எனப்படும். சந்திதோறும் நின்று விலாசம் பார்த்து வழிகாட்டும் கருவி வழிப்படுத்தி எனப்படும்.

இம்முறையில் அமைந்த ‘ஆர்ப்பாநெற்’ என்னும் அமெரிக்க வலையில் 1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் முதற்செய்தி சென்றது. 1983ஆம் ஆண்டின் முதல் நாளில் அவ்வலை பொதுவிதிகளின் தொகுதியொன்றை ஏற்றது. வெவ்வேறு வலைகளை இணைத்து இணையம் வளர்வதற்கு அவ்விதிகளே அடிப்படையாயின. இலங்கையில் இம்முயற்சி பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1990இல், மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால், கல்வியாளருக்கான மின்னஞ்சற் சேவை எழுந்தது. 1995இல் கொழும்பு, மொரட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியன இணைய விதிகளின்படி இணைக்கப்பட்டன. மகாவலிக் கரையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகமும் பின்னர் அவ்வலையில் ஒரு கண்ணியாயிற்று. இவ்வாறாக வழியும் விதியும் மலைநாட்டை எட்டின. மூன்றாவது உறுப்பாகிய மனிதர் எங்கே என்ற கேள்வி எஞ்சி நின்றது.

அதற்கு விடையாக அமைந்த முயற்சியொன்று கண்டி மாவட்டத்தின் எல்லையை அடுத்துள்ள கொத்மலையில் நிகழ்ந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி நிலையத்துக்கு, 1998ஆம் ஆண்டில், யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவுடன் இணையத் தொடுப்பு வழங்கப்பட்டது. கண்டி மாவட்டத்து நகரங்களாகிய கம்பளை, நாவலப்பிட்டி ஆகியவற்றின் நூலகங்களிலும் பொதுமக்கள் பயன்படுத்துவதற்குக் கணினிகள் வைக்கப்பட்டன. ஆயினும் அன்றைய இணையத்தின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். கிராமத்து உழவரும் தோட்டத்துத் தொழிலாளரும் கணினியின் முன் அமர்ந்து என் செய்வர்? ஆதலின் அவர்கள் தபாலில் வினாக்களை எழுதி அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடினர். மருத்துவர் போன்ற துறைவல்லோரையும் அழைத்துக்கொண்டு, தேடிய விடையை நாட்டு மொழியில் விளக்கி ஒலிபரப்பினர்.

அத்தொடுப்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். அஃதாவது 64,000 பிட். ஆங்கில எழுத்தொன்றுக்கு எட்டுப் பிட் எனக் கொண்டால், வினாடிக்கு எட்டாயிரம் எழுத்துக்கள். மனிதக் குரலை வினாடிக்கு எட்டாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டுப் பிட்டாக எழுதினால் வருவதும் இதே 64,000. எனவே கொத்மலைக்குக் கிடைத்தது ஒரேயொரு தொலைபேசி உரையாடலுக்குப் போதுமான அகலமுள்ள வழி. எட்டு மில்லியன் பிட் கொண்ட ஒரு படம் அதன் வழியே வந்து சேர இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இத்துணை ஒடுங்கிய வாய்க்காலில் வந்த நீரை வானொலி என்னும் மடை ஏந்தி, பள்ளத்தாக்கு முழுவதும் பாயச் செய்தது. எழுத வல்ல ஒருவர் கேட்ட வினாவின் விடையை எழுதப் படிக்க அறியாத அயலாரும் தம் அடுப்படியிலிருந்து கேட்டனர்.

தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் கம்பியின் நீளத்தையும் கருவியின் வேகத்தையும் கணக்கிடுவது வழக்கம். கண்டிச் சீமையின் கதை வேறொரு கணக்கையும் வேண்டுகின்றது. இன்று அம்மலைகளிற் பலர் தம் கையிலேயே வைத்திருக்கும் தொலைபேசி, கொத்மலையின் அந்தத் தொடுப்பினும் பன்மடங்கு வேகமுடையது; தமிழிலும் எழுதவல்லது. ஆயினும், வந்த செய்தி மெய்யோ பொய்யோ என்று ஆராய்ந்து, மருந்தின் அளவையும் விண்ணப்பத்தின் விதியையும் பொறுமையோடு விளக்கிச் சொல்லும் ஒருவர் இல்லையேல், அத்தொலைபேசியும் லயன் வாசலில் வாசிப்பாரின்றி நின்ற தந்தியைப் போன்றதே. நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கணினியின் அருகே நின்று கற்பித்தோரையும், விடையை ஒலிவாங்கியின் முன் விளக்கியோரையும் வலையமைப்பின் உறுப்பினராகவே எண்ணுதல் தகும். இனி ஒரு கிராமத்துக்கோ தோட்டத்துக்கோ இணையம் வந்ததென்று கேள்விப்படும்போது, அதன் வேகத்தை விசாரிப்பதோடு, அங்கே வாசித்துச் சொல்பவர் யார் என்பதையும் நேயர்கள் விசாரிப்பார்களாக.