கேண்டிடாவும் புரோபயாட்டிக்கும்: 'குறைந்ததை நிரப்புதல்' என்னும் வாதம் குறித்து

குடலிலும் பிறப்புறுப்பிலும் வாழும் 'நல்ல' பாக்டீரியாக்கள் குறைவதால் கேண்டிடா என்னும் ஈஸ்ட் பெருகுகிறது. குறைந்தவற்றை மாத்திரையாக உட்கொண்டால் அது அடங்கும். கேண்டிடாவுக்குப் புரோபயாட்டிக் பரிந்துரைப்போர் பெரும்பாலும் இந்த வாதத்தையே முன்வைக்கின்றனர். எளிமைதான் இதன் கவர்ச்சி. ஆனால் இதற்குள் இரண்டு தனிக் கூற்றுகள் இருக்கின்றன. பாக்டீரியாக் குறைவே நோயின் காரணம் என்பது ஒன்று. அக்குறையை வெளியிலிருந்து நிரப்ப முடியும் என்பது மற்றொன்று. முதல் கூற்று உடலின் சில பகுதிகளுக்கு மட்டுமே பொருந்துகிறது. பொருந்தும் இடத்திலும் அதிலிருந்து இரண்டாவது தானாகப் பெறப்படுவதில்லை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேண்டிடா அல்பிகன்ஸ் நம் உடலுக்குப் புதியதன்று. நலமாக உள்ள பலரின் வாயிலும் குடலிலும் அது தீங்கின்றி வாழ்கிறது. எனவே மலத்திலோ எச்சிலிலோ அதைக் கண்டறிவது மட்டும் நோய்க்குச் சான்றாகாது. உருண்டை வடிவ ஈஸ்டாக இருந்தது நீண்ட இழைகளாக மாறித் திசுவைத் துளைக்கும்போதே தொல்லை தொடங்குகிறது. அவ்விழைகள் சுரக்கும் கேண்டிடாலைசின் என்னும் நச்சுப் புரதம் 2016இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஈஸ்ட் எவ்வளவு பெருகியது என்பது மட்டுமன்று. எந்த இடத்தில், எந்த வடிவில், யாருடைய உடலில் என்பவையும் சேர்ந்தவை.

இந்த வேறுபாடுகளை மங்கச் செய்ததில் அமெரிக்க வெகுமக்கள் நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகர மருத்துவர் ஓரியன் டிரஸ், சோர்வு, மனச்சோர்வு, தலைவலி போன்ற பலவற்றுக்கும் கேண்டிடாவே காரணம் என்றார். குழந்தை மருத்துவர் வில்லியம் குரூக் 1983இல் 'தி ஈஸ்ட் கனெக்ஷன்' நூலின் வழியே அக்கருத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தார். 1986இல் அமெரிக்க ஒவ்வாமை, நோயெதிர்ப்பியல் கழகம் இக்கருத்துக்குச் சான்றில்லை என அறிவித்தது. இதை முறையாகச் சோதித்தவரும் அதே பர்மிங்ஹாமில் பணியாற்றிய வில்லியம் டிஸ்மியூக்ஸ்தான். 42 பெண்களிடம் அவரது குழு நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சை மருந்தையும் போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தது. முடிவுகள் 1990இல் வெளியாயின. பிறப்புறுப்பு அறிகுறிகளுக்கு நிஸ்டாட்டின் உதவியது. சோர்வு முதலிய பொது அறிகுறிகளில் போலி மருந்தை விட அது மேலானதாக இல்லை. போலி மருந்து உட்கொண்டபோதும் பெண்கள் தேறினர். ஈஸ்டை நேரடியாகக் கொல்லும் மருந்தாலேயே நீங்காத அறிகுறிகள், ஈஸ்டுக்குப் போட்டியாக அனுப்பப்படும் பாக்டீரியாவால் நீங்கினால் அதற்கு ஈஸ்ட் சாராத விளக்கத்தைத்தான் தேட வேண்டும். இன்று விற்பனையாகும் 'கேண்டிடா சுத்திகரிப்பு'த் தொகுப்புகள் இந்த முடிவைக் கண்டுகொள்வதில்லை. உட்கொள்பவருக்கு உடல்நிலை மோசமானால் 'ஈஸ்ட் செத்துக்கொண்டிருக்கிறது' என்கிறார்கள். தேறினாலும் அதே விளக்கம். எந்த விளைவாலும் பொய்ப்பிக்க முடியாத கூற்றை ஆய்வுக் கருதுகோளாக ஏற்க இயலாது.

சிறுகுடலில் பூஞ்சை மிகுதல் என்னும் நிலை உண்மையில் உண்டு. ஆனால் எண்டோஸ்கோப்பி வழியே சிறுகுடல் நீரை உறிஞ்சி எடுத்து வளர்ப்புச் சோதனை செய்தே அதை உறுதிப்படுத்துகின்றனர். காலையில் தம்ளர் நீரில் எச்சில் துப்பிப் பார்க்கும் 'சோதனை'க்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிறப்புறுப்புக் கேண்டிடா தொற்றே புரோபயாட்டிக் வாதத்தின் உண்மையான களம். பெண்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். அங்கு வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து பி.எச். அளவை 4.5க்குக் கீழே வைத்திருக்கின்றன. இவை குறையும்போது வருவது பாக்டீரியல் வெஜினோசிஸ், அப்போது பி.எச். உயர்கிறது. கேண்டிடா தொற்றிலோ பி.எச். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. லாக்டோபேசில்லஸும் பலரிடம் குறையாமலே இருக்கிறது. மருத்துவர்கள் இவ்விரு நோய்களையும் பிரித்தறியப் பயன்படுத்தும் அடையாளமே இந்தப் பி.எச். வேறுபாடுதான். குறையாத ஒன்றை நிரப்புவதாகச் சொல்லும் வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. ஆன்டிபயாட்டிக் உட்கொண்டபின் இத்தொற்று மிகுவது உண்மை. ஆனால் அதிலிருந்து லாக்டோபேசில்லஸ் இழப்பே காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

மனிதரிடம் நடந்த சோதனைகளும் இதற்கேற்பவே அமைந்துள்ளன. 1992இல் ஹில்டன் குழு, தொற்று திரும்பத் திரும்ப வரும் 33 பெண்களிடம் தினமும் தயிர் உண்ணச் செய்து ஆராய்ந்தது. ஆறு மாதத்துக்குச் சராசரியாக 2.54 முறை வந்த தொற்று, தயிர் உண்ட காலத்தில் 0.38 முறையாகக் குறைந்தது. இந்த எண்களைப் புரோபயாட்டிக் ஆதரவாளர்கள் தவறாமல் மேற்கோள் காட்டுவர். ஆய்வை முடித்தவர்கள் 13 பேரே என்பதையும், தயிர்ப் பிரிவில் தொடங்கிய எட்டுப் பேர் தயிரை விட்டுவிட மறுத்து விலகினர் என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. யார் தயிர் உண்கிறார் என்பது உண்பவருக்கே தெரிந்த ஆய்வில் இத்தகைய சாய்வு தவிர்க்க முடியாதது. 2004இல் ஆஸ்திரேலியாவில் பிரோட்டா குழு, ஆன்டிபயாட்டிக் உட்கொள்ளும் பெண்களுக்கு லாக்டோபேசில்லஸை வாய்வழியாகவும் பிறப்புறுப்பு வழியாகவும் கொடுத்துப் போலி மருந்தோடு ஒப்பிட்டது. கணக்கில் கொள்ளப்பட்ட 235 பேரில் 55 பேருக்குத் தொற்று வந்தது. லாக்டோபேசில்லஸால் அது தடுக்கப்படவில்லை. குறைநிரப்பு வாதம் சரியானால் வெற்றி பெற்றிருக்க வேண்டிய சோதனை இது.

2017இன் காக்ரேன் தொகுப்பாய்வு 10 சோதனைகளையும் 1,656 பெண்களையும் உள்ளடக்கியது. பூஞ்சை மருந்தோடு புரோபயாட்டிக்கும் சேர்த்தபோது குறுகிய காலக் குணமும் ஒரு மாதத்துக்குள் தொற்று திரும்பாமையும் சற்று மேம்பட்டன. மூன்று மாதப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. சான்றுகளின் தரம் தாழ்ந்தது அல்லது மிகத் தாழ்ந்தது என்று தொகுப்பாளர்களே மதிப்பிட்டனர். ஒப்பீட்டுக்கு, வாரம் ஒருமுறை 150 மில்லிகிராம் ஃபுளூகோனசோல் என்னும் பூஞ்சை மருந்தை ஆறு மாதம் கொடுத்த சோபெல் குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வைப் பார்க்கலாம். ஆறாம் மாத முடிவில் 90.8 விழுக்காட்டினர் தொற்றின்றி இருந்தனர். போலி மருந்துப் பிரிவில் 35.9 விழுக்காடு. ஆனால் மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழிந்தபின் அந்த 90.8, 42.9 ஆகச் சரிந்தது. மருந்தும் முழு விடை தரவில்லை என்பதே புரோபயாட்டிக் ஆய்வு தொடர்வதற்கான நியாயம்.

வாயிலும் குறைமாதக் குழந்தைகளின் குடலிலும் சான்று சற்று வலுவானது. ஃபின்லாந்தில் 276 முதியோரிடம் நடந்த சோதனையில், புரோபயாட்டிக் சேர்த்த சீஸ் உண்டவர்களிடையே எச்சிலில் ஈஸ்ட் மிகுந்தோர் 30 விழுக்காட்டிலிருந்து 21 ஆகக் குறைந்தனர். சாதாரண சீஸ் உண்டவர்களிடையே 28இலிருந்து 34 ஆகக் கூடினர். இத்தாலியில் மிகக் குறைந்த எடையுடன் பிறந்த 80 குழந்தைகளிடம், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் பெற்றவர்களில் 23.1 விழுக்காட்டினர் குடலிலேயே கேண்டிடா குடியேறியது, பெறாதவர்களில் 48.8. முதுமையில் எச்சில் சுரப்பு குறைந்த வாயும், பிறந்து சில நாளே ஆன குடலும் நுண்ணுயிர்ப் பாதுகாப்பு வலுவிழந்த இடங்கள். அங்கே குறைநிரப்பு வாதம் ஓரளவு பொருந்துவதில் வியப்பில்லை. ஆனால் இக்குழந்தைகளே மிகுந்த ஆபத்துக்கும் உரியவர்கள்: புரோபயாட்டிக் பாக்டீரியாவே இரத்தத்தில் பரவிக் குறைமாதக் குழந்தை ஒன்று இறந்ததையடுத்து, 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

முதிர்ந்த, நலமான குடலின் நிலை வேறு. சராசரி மனிதரிடம் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கணக்கிடுகின்றனர். மாத்திரையில் வருவன சில நூறு அல்லது ஆயிரம் கோடி. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள், மாத்திரைப் பாக்டீரியா சிலரின் குடலில் தங்குவதையும் வேறு சிலரிடம் தங்காமல் வெளியேறுவதையும் காட்டினர். ஆன்டிபயாட்டிக்கின் பின் புரோபயாட்டிக் உட்கொண்டவர்களிடம் சொந்த நுண்ணுயிர்க் கூட்டம் மீள்வது தாமதமானது என்றும் கண்டனர். நிரப்புவதாகச் சொல்லப்படும் பொருளே மீட்சிக்குத் தடையாகலாம் என்பது இதன் பொருள். புரோபயாட்டிக்காக விற்கப்படும் சாக்கரோமைசஸ் பௌலார்டியின் நிலை இன்னும் விநோதமானது. அதுவே ஓர் ஈஸ்ட்; பூஞ்சை மருந்தோடு சேர்த்து உட்கொண்டால் அம்மருந்தே அதைக் கொன்றுவிடக்கூடும். அப்படியும் இரண்டையும் ஒரே பரிந்துரைச் சீட்டில் எழுதுவோர் உண்டு.

இந்தியாவில் இப்பொருள்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டு, நாளொன்றுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகளோடு விற்கப்படுகின்றன. எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு திரிபுக்குக் கிடைத்த சான்று அதே இனத்தின் மற்றொரு திரிபுக்குப் பொருந்தாது. வீட்டுத் தயிருக்கும் இதுவே அளவுகோல். உணவாக அதன் மதிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எந்தத் திரிபு எவ்வளவு உள்ளது என்று தெரியாத வரை அதை மருந்தாக மதிப்பிட வழியில்லை.

தமிழகத்தில் இதைவிட முதன்மையான செய்தி ஒன்றுண்டு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, மாநிலத்தில் நீரிழிவு 14.4 விழுக்காடு என்கிறது. கட்டுப்படாத சர்க்கரை கேண்டிடாவுக்கு ஏற்ற சூழல். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளும் பிறப்புறுப்புத் தொற்றை மிகுவிக்கின்றன. கடையில் தாமே மருந்து வாங்கிய 95 பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, உண்மையில் கேண்டிடா தொற்று இருந்தவர்கள் 33.7 விழுக்காட்டினரே. எனவே தொற்று திரும்பத் திரும்ப வருபவருக்கு முதலில் தேவை சர்க்கரைச் சோதனையும் வளர்ப்புச் சோதனையும், ஃபுளூகோனசோலுக்கு எளிதில் அடங்காத கேண்டிடா கிளாப்ராட்டா உள்ளதா என்று பார்ப்பதும். இவற்றுக்குப் பின்னரே, திரிபின் பெயர் குறிக்கப்பட்ட புரோபயாட்டிக்கைப் பூஞ்சை மருந்தோடு சில வாரங்கள் சேர்த்துப் பார்க்கலாம்; நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கும் மையச் சிரைக் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கும் அதுவும் கூடாது. குடலில் கேண்டிடா 'பெருக்கத்துக்கு' எனத் தனியாக விற்கப்படும் மாத்திரைகளைப் பரிந்துரைக்க இன்று சான்றில்லை.