அகாகியின் மேல்தளத்தில் ஐந்து நிமிடம்

மூன்று மாதமாக ராத்திரி படுக்கப்போகும் முன் நான் புரட்டுவது இரண்டே புத்தகங்கள். இரண்டும் ஒரே நாளைப் பற்றியவை: 1942 ஜூன் 4. ஒன்று, மிட்சுவோ ஃபுச்சிடாவும் மசாடகே ஒகுமியாவும் எழுதிய 'மிட்வே'. இன்னொன்று, ஜோனதன் பார்ஷலும் அந்தோணி டல்லியும் எழுதிய 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்'. முதலாவதைக் கல்லூரி நாட்களிலிருந்தே வைத்திருக்கிறேன். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில், அட்டை கிழிந்த நிலையில் வாங்கியது. இரண்டாவதை இப்போதுதான் படிக்கிறேன். படிக்கப் படிக்க, முதலாவதை மறுபடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட வேண்டியதாகிவிட்டது. இருபது வருஷமாக நம்பிய ஒரு மனிதர் கதை விட்டிருக்கிறார் என்று தெரியவரும்போது கோபத்தைவிட அசட்டுத்தனம்தான் அதிகம் தோன்றுகிறது.

ஃபுச்சிடா சாதாரண ஆள் இல்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலில் விமானப் படையை முன்னின்று நடத்தியவர். நமக்கும் அவர் அந்நியர் அல்ல. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மீதும், நான்கு நாள் கழித்துத் திருகோணமலை மீதும் பாய்ந்த விமானங்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அந்த ஏப்ரலில் சென்னையை விட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடிய குடும்பங்கள் பயந்தது, அவருடைய கடற்படைக்குத்தான்.

இரண்டு மாதம் கழித்து, பசிபிக் கடலில் மிட்வே என்ற சிறு தீவருகே, அதே அகாகி கப்பலில் ஃபுச்சிடா இருந்தார். ஆனால் பறக்கவில்லை. குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து தேறிக்கொண்டிருந்தார். அதனால் நடந்ததையெல்லாம் கப்பலில் இருந்தே பார்த்த சாட்சி. போர் முடிந்து 1951-ல் ஜப்பானிய மொழியில் புத்தகம் வந்தது, 1955-ல் ஆங்கிலத்தில்.

அந்தப் புத்தகத்தின் உச்சக் காட்சி இதுதான். காலை 10:20 தாண்டிவிட்டது. அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என்ற நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களின் மேல்தளங்களிலும் தாக்குதல் விமானங்கள் எரிபொருளும் குண்டும் ஏற்றி, எஞ்சின் உறும, வரிசையாக நிற்கின்றன. இன்னும் ஐந்தே நிமிடம், எல்லாம் பறந்துவிடும், அமெரிக்கக் கப்பல்கள் தொலைந்தன. முதல் ஜீரோ விமானம் ஓடுதளத்தை விட்டு எழும்புகிறது. அப்போது மேகத்துக்குள்ளிருந்து அமெரிக்க டைவ் பாம்பர்கள். மூன்று கப்பல்கள் தீப்பந்தமாகின்றன.

ஐந்து நிமிடம். இதைவிட நாடகத்தன்மையான ஒன்றைக் கடற்போர் வரலாற்றில் நான் படித்ததில்லை. விடுதியில் ராத்திரி இரண்டு மணி வரை இதைச் சொல்லி நண்பர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். 2012-ல் ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரையாகவும் எழுதினேன். விதி என்ற சொல்லை அதில் எத்தனை முறை போட்டிருந்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கத் தைரியமில்லை.

பார்ஷலும் டல்லியும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இல்லை. ஜப்பானியப் போர்க்கப்பல்கள் மீது பைத்தியமாக இருந்து, அவற்றுக்கென்றே ஓர் இணையதளம் நடத்தியவர்கள். அவர்கள் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு ஜப்பானிய விமானந்தாங்கியில் தாக்குதல் விமானங்களை மேலே கொண்டுவந்து பறக்கவிட எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்கர்கள் பெரும்பாலும் மேல்தளத்திலேயே விமானங்களுக்குக் குண்டு மாட்டுவார்கள். ஜப்பானியர் டார்பிடோ மாட்டுவதைக் கீழே, நாலாபுறமும் மூடிய ஹேங்கருக்குள் செய்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக லிஃப்டில் மேலே ஏற்றி, தளத்தின் பின்பகுதியில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, இறக்கையை விரித்து, எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். மூடிய ஹேங்கருக்குள் எஞ்சின் போட முடியாது. மொத்தம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரத்தில் வேறு எந்த விமானமும் தளத்தில் இறங்க முடியாது.

இங்கேதான் மாட்டிக்கொள்கிறார் ஃபுச்சிடா. கப்பல்கள் மூழ்கினாலும் அவற்றின் விமானப் பிரிவுகளுடைய செயல்பாட்டுப் பதிவேடுகள் தப்பித்திருக்கின்றன. எந்தக் காவல் விமானம் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று அதில் இருக்கிறது. அன்று காலை முழுக்க அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்துகொண்டே இருந்ததால், காவலுக்குப் போன ஜீரோக்கள் குண்டு தீர்ந்து இறங்குவதும், நிரப்பிக்கொண்டு ஏறுவதுமாக இருந்தன. பத்து மணிக்குப் பிறகும் இறங்கியிருக்கின்றன. அப்படியானால் தளத்தில் தாக்குதல் விமானங்கள் வரிசை கட்டி நின்றிருக்க வழியே இல்லை. அவை கீழே ஹேங்கரில் இருந்தன. முதல் ஜீரோ எழும்பியதாக ஃபுச்சிடா சொன்னது மட்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது தாக்குதலுக்குப் போன விமானம் இல்லை, காவலுக்குப் போனது.

நானே போட்டுப் பார்த்த ஒரு கணக்கும் இருக்கிறது. இதற்குப் பதிவேடுகூட வேண்டாம். நான்காவது கப்பலான ஹிர்யூ மீது அந்த நேரத்தில் குண்டே விழவில்லை. நான்கும் ஐந்து நிமிடத்தில் தயார் என்றால் ஹிர்யூவின் விமானங்கள் 10:30-க்காவது பறந்திருக்க வேண்டுமல்லவா? அவை கிளம்பியது 10:50 தாண்டி. இந்தத் தகவல் என்னுடைய கிழிந்த அட்டைப் புத்தகத்திலேயே கையெட்டும் தூரத்தில் இருந்தது. நான்தான் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. நல்ல கதை கேட்கும்போது யார் கடிகாரம் பார்க்கிறார்கள்!

எனக்கு அதிகம் வலித்த இடம் வேறு. ஜப்பானியப் பாதுகாப்புத் துறை 'சென்ஷி சோஷோ' என்று 102 தொகுதிகளில் தன் போர் வரலாற்றை வெளியிட்டது. மிட்வே பற்றிய தொகுதி 1971-ல் வந்தது. தாக்குதல் விமானங்கள் ஹேங்கரில்தான் இருந்தன என்பது அதிலேயே இருக்கிறது. ஆக, ஜப்பானில் ஃபுச்சிடாவின் ஐந்து நிமிடம் அப்போதே காலியாகிவிட்டது. 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்' வந்தது 2005-ல். இடையில் 34 வருஷம், ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அந்தக் காட்சியை ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதிக்கொண்டே இருந்தார்கள். தொகுதி மொழிபெயர்க்கப்படவில்லை, அவ்வளவுதான் காரணம். அவர்களைச் சொல்லி என்ன? நான் கட்டுரை எழுதிய 2012-ல் அது ஆங்கிலத்திலேயே வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. உலகத்தை ஆங்கிலம் வழியாக மட்டும் பார்க்கிற நாம், அந்த ஆங்கிலத்திலும் பழைய புத்தகக் கடைக்கு வந்துசேர்ந்ததைத்தானே பார்க்கிறோம்.

ஃபுச்சிடா ஏன் அப்படி எழுதினார்? தன் கடற்படையை அவர் வெள்ளையடித்தார் என்றும் சொல்லிவிட முடியாது. வெற்றி போதை தலைக்கேறி ஆடினோம் என்று கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கடைசிக் கணத்தில், தானும் தன் தோழர்களும் நூலிழையில் தோற்றதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் தோற்றவனை யார் குற்றம் சொல்வது? ஜெயித்தவர்களுக்கும் இது பிடித்துப்போனது. மிட்வே பற்றி வால்டர் லார்டும் கார்டன் பிராஞ்சும் எழுதிய புகழ்பெற்ற நூல்களின் தலைப்பிலேயே, ஒன்றில் 'நம்பமுடியாத வெற்றி', இன்னொன்றில் 'அற்புதம்'. தோற்றவன் விதி என்கிறான், ஜெயித்தவன் அற்புதம் என்கிறான். சண்டையே இல்லாமல் ஒத்துப்போய்விட்டார்கள்.

இந்தக் கதையில் காணாமல் போனவர்கள் இரண்டு தரப்பிலும் இருக்கிறார்கள். ஹார்னெட் கப்பலிலிருந்து வந்த டார்பிடோ படைப்பிரிவு 8. காவல் துணையில்லாமல் 9:20 வாக்கில் தாக்க வந்தார்கள். 15 விமானங்களும் வீழ்ந்தன. 30 பேரில் பிழைத்தவர் ஜார்ஜ் கே ஒருவர் மட்டும். அவர்கள் ஜீரோக்களைக் கீழே இழுத்ததால்தான் மேலிருந்து வந்த டைவ் பாம்பர்களுக்கு வழி கிடைத்தது என்று பழைய நூல்கள் உருக்கமாகச் சொல்லும். ஆனால் டைவ் பாம்பர்கள் வந்தது ஒரு மணி நேரம் கழித்து. ஒரு ஜீரோ மேலே ஏற அவ்வளவு நேரம் எதற்கு? பார்ஷலும் டல்லியும் சொல்வது, அவர்களும் அவர்களைப் போல் அடுத்தடுத்து வந்தவர்களும் தளத்தை ஓயவிடாமல் அடித்தார்கள் என்பது. ஜீரோக்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் அந்த முக்கால் மணி நேரம் நகுமோவுக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். அந்த 29 பேரும் செத்ததற்கு இவ்வளவு துல்லியமான பொருளை எந்த உருக்கமும் எனக்குத் தந்ததில்லை.

மறுபக்கம், அந்த மூடிய ஹேங்கர்கள். அகாகியைக் கொன்றது நேராக விழுந்த ஒரே ஒரு குண்டு. அது தளத்தைத் துளைத்துக் கீழே, எரிபொருளும் டார்பிடோவும் ஏற்றிய விமானங்களுக்கு நடுவே வெடித்தது. வெடிப்பின் வேகம் வெளியேற வழியில்லாத இரும்புப் பெட்டி அது. அந்தச் சண்டையில் இறந்த ஜப்பானியர் 3,057 பேர். ஜப்பானின் தேர்ந்த விமானிகள் எல்லாம் மிட்வேயில் அழிந்தார்கள் என்று நானும் எழுதியிருந்தேன். உண்மையில் விமானத்தில் பறப்பவர்களில் இறந்தது ஏறக்குறைய 110 பேர். மிச்சப் பேர் பெரும்பாலும் கீழே இருந்தவர்கள். டார்பிடோவைக் கழற்றிக் குண்டு மாட்டு, குண்டைக் கழற்றி டார்பிடோ மாட்டு என்று மாறிமாறி வந்த உத்தரவுகளுக்கு ஓடிய மெக்கானிக்குகள். எஞ்சின் அறையில் மாட்டிக்கொண்டவர்கள். ஃபுச்சிடா தன் கதையை மேல்தளத்தில் நிறுத்திவிட்டார். இவர்கள் அங்கே இல்லை.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கொழும்புத் தாக்குதலன்றே இதே குண்டு மாற்றும் குழப்பம் நகுமோவுக்கு நேர்ந்தது. ஏப்ரல் 9 அன்று ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் அகாகியில் இருந்த யார் கண்ணிலும் படாமல் அதன் தலைக்கு மேலேயே வந்து குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. கடலில் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் கப்பலில் இருந்தவர்களுக்கு விஷயமே தெரிந்தது. ஜூன் மாதத்துக்கான ஒத்திகை முழுசாகவே இலங்கைக்குப் பக்கத்துக் கடலில் நடந்து முடிந்திருந்தது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

கிழிந்த அட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் போட மனசில்லை. ஐந்து நிமிடம் வரும் பக்கத்தில் பத்தொன்பது வயதில் நான் போட்ட பென்சில் கோடு இன்னும் இருக்கிறது, ஓரத்தில் மூன்று ஆச்சரியக்குறிகளோடு. அழிக்கவில்லை. இப்போது அதே புத்தகத்தில் இலங்கை வரும் பக்கங்களை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன், மணிக்கணக்கை ஓரத்தில் குறித்துக்கொண்டு.